எந்தக் கரையில் இறங்குவது?

கடற்கரை என்றால் மணலும் அலையும் காற்றுந்தானே, அதிலே தெரிந்தெடுக்க என்ன இருக்கிறது என்று கேட்பார் உளர். மலையகத்திலே பிறந்து வளர்ந்தவர்களும், யாழ்ப்பாணத்துப் பரவைக் கடலிலே முழங்காலளவு நீரில் நெடுந்தூரம் நடந்து பழகியவர்களும் இவ்வாறு கேட்பதில் வியப்பில்லை. ஆயின் திருகோணமலைக்கு வந்து ஒருநாள் தங்குபவருங்கூட, இங்கே கடலுக்குப் பல முகங்கள் உண்டு என்பதை உணர்ந்துகொள்வர். கோட்டைக்கு வடக்கே ஒரு கடல். தெற்கே வேறொரு கடல். துறைமுகத்தின் உள்ளே குளம்போற் கிடக்கும் ஒரு கடல். நிலாவெளிக்கு அப்பால் தடையேதுமின்றி வங்காள விரிகுடாவாக விரிந்து செல்லும் ஒரு கடல். இவை யாவும் ஒரு மணி நேரப் பஸ் பிரயாணத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஆதலாற்றான் இங்கு வருவோர்க்குத் தேர்வு என்பது ஒரு வேலையாகிறது.

நான் நெடுங்காலமாக இந்நகரிலே ஆசிரியத் தொழில் செய்பவன். பிற மாவட்டங்களிலுள்ள ஆசிரிய நண்பர்கள் தம் மாணவரை உல்லாசப் பயணமாக அழைத்து வருமுன், "எந்தக் கடற்கரைக்குக் கொண்டுபோகலாம்?" என்று என்னைக் கேட்பது வழக்கம். நான் உடனே விடை கூறுவதில்லை. "எப்பொழுது வருகிறீர்கள்? எத்தனை பேர்? என்ன காண வருகிறீர்கள்?" என்று மூன்று வினாக்களைத் திருப்பிக் கேட்பேன். சிலருக்கு இது சலிப்பைத் தரும். "அழகான கரை எது என்று சொல்லுங்கள், போதும்" என்பர். அழகு எல்லாக் கரையிலும் இருக்கிறது. ஆனால் நாற்பது பிள்ளைகளைக் கொண்டுவந்து, நாற்பது பேரையும் வீட்டிலே ஒப்படைக்க வேண்டியவர் அழகை மாத்திரம் கேட்டால் அமையாது.

இக்கட்டுரையில் அம்மூன்று வினாக்களின் வழியே திருமலைக் கரைகளைப் பற்றி நான் அறிந்தவற்றைச் சொல்ல விழைகிறேன்.

காற்றின் நாட்காட்டி

முதல் வினா எப்பொழுது என்பது. நகரத்தவர்க்குப் பன்னிரண்டு மாதங்கள். கடலோடிகளுக்குக் காற்றுகளே மாதங்கள். வடகிழக்கிலிருந்து வாடை வீசத் தொடங்கினால் ஒரு காலம். மேற்கிலிருந்து நிலத்தைத் தடவிக்கொண்டு கச்சான் வீசத் தொடங்கினால் வேறொரு காலம். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வந்தால் கீழைக்கரை முழுவதும் கொந்தளிக்கும். மழையும் இக்காலத்திலேயே பெய்யும். தையும் கடந்து பங்குனி, சித்திரை அளவிலே கடல் தணியும். வைகாசி தொடங்கி ஆவணி ஈறாக நீர் கண்ணாடிபோற் கிடக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மேலைக் கரையிலும் மலையகத்திலும் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்த வரண்ட காற்றாக மலைகளைக் கடந்து இங்கு வருகின்றது. கொழும்பிலே குடை பிடித்துப் புகையிரதம் ஏறுபவர் திருமலையிலே வியர்க்க இறங்குவதன் காரணம் இதுவே.

நமது பாடசாலைகளுக்கு வழக்கமாகச் சித்திரையிலும் ஆகஸ்டிலும் டிசம்பரிலும் விடுமுறை. இவற்றுள் முதல் இரண்டும் திருமலைக் கடலுக்கு இசைந்தவை. மூன்றாவது இசையாதது. ஆனால் ஆண்டுப் பரீட்சை முடிந்து, மனப்பாரம் இறங்கி, பிள்ளைகள் எங்கேனும் போகவேண்டும் என்று துடிக்கும் காலம் அந்த டிசம்பர்தான். அக்காலத்திலேதான் கடல் ஆகக் கொடுமையானது.

வரலாற்றைப் புரட்டினாலும் இம்மாதம் நம் கரைக்கு நல்ல மாதமாகத் தோன்றவில்லை. 1964 டிசம்பரிலே தனுஷ்கோடியைச் சீரழித்த சூறாவளி அதற்கு முன் திருமலைப் பக்கமாகவே இத்தீவினுள் நுழைந்தது. 2000 டிசம்பர் 26 ஆம் நாள் மற்றொரு சூறாவளி திருமலையை அண்டிக் கரையேறியது. சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து அதே நாளிலே, 2004 டிசம்பர் 26 இல், ஆழிப்பேரலை வந்தது. பின்னையது பூமியதிர்ச்சியின் விளைவு; வாடைக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இருந்தும் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையை அறிந்த எம்மூரவர் எவரும் கடலுக்குப் புறங்காட்டி நின்று புகைப்படம் எடுப்பதில்லை.

நகரத்துக் கரைகள்

நிற்க. நகரின் அமைப்பை மனத்திலே வரைந்துகொள்வது நன்று. திருமலை நகரம் கடலுக்குள் நீண்ட ஒரு குறுகிய நிலத்தின்மேல் அமைந்தது. அதன் கிழக்கே கோட்டை. கோட்டையின் முனையிலே சுவாமிமலை. அதன் உச்சியிலே திருக்கோணேச்சரம். ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம் இது. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே போர்த்துக்கேயர் கோயிலைத் தகர்த்து அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். ஒல்லாந்தர் 1639 இல் அதனைக் கைப்பற்றினர். 1795 இல் ஆங்கிலேயர் கைக்கு வந்த அக்கோட்டை பின்னர் பிரெட்ரிக் கோட்டை என்னும் பெயரைப் பெற்றது. 1956 இல் மைக் வில்சன் சுவாமிமலையின் அடியிலே கடலினுள் மூழ்கித் தூண்களும் செதுக்கு வேலைப்பாடுள்ள கற்களும் கிடப்பதைக் கண்டார். அவருடைய தோழரான எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் அதனை 1957 இல் வெளியான தமது நூலிலே விரித்துரைத்தார். ஆகவே, இம்மலையடியில் நாம் காணும் நீலநீர் ஒரு கோயிலின் சிதைவை மூடிய நீருமாகும்.

இக்கோட்டைக்குத் தெற்கே டச்சுக்குடா. நகரத்து மக்களுடைய மாலைக் கரை இது. பாடசாலை விட்டபின் பந்தாடும் சிறுவர், கந்தோர் முடிந்து வரும் குடும்பத்தினர், கச்சான் கொட்டையும் ஐஸ்கிறீமும் விற்போர், இடையிடையே கோட்டைப் பக்கமிருந்து அஞ்சாமல் உலாவி வரும் புள்ளிமான்கள் எனக் கூட்டம் நிறைந்த கரை. உட்கார்ந்திருக்கவும் கதைக்கவும் இதனை விஞ்சிய இடம் நகரிலே இல்லை. ஆனால் அலையின் கீழே நீர் பின்வாங்கிக் காலை இழுக்கும் இயல்பு உண்டாதலால் நீந்துவதற்கு இக்கரையை நான் பரிந்துரைப்பதில்லை. பிள்ளைகளுக்கு ஊர்மக்களைக் காட்ட விரும்பும் ஆசிரியர் மாலை ஐந்து மணிக்கு இங்கே அழைத்து வரலாம்.

கோட்டைக்கு வடக்கே விரியும் குடாவின் ஓரத்திலே திருக்கடலூர் முதலிய மீனவர் குடியிருப்புகள் உள்ளன. இங்கே வள்ளங்களும் வலைகளுமே கரைக்கு உரியன. வைகறையிலே சென்றால் மீன் இறங்குவதையும் ஏலம் கூறுவதையும் காணலாம். அதுவும் ஒரு பாடமே. ஆனால் அங்கே நாம் விருந்தாளிகள் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

வள்ளங்கள் சொன்ன செய்தி

இந்த வடகரையிலே சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாதத்தில் நான் கண்ட நிகழ்ச்சியை இங்கே குறிப்பிடவேண்டும். வெளி மாவட்டத்துப் பாடசாலை ஒன்றின் மாணவர்கள் இரண்டு பஸ் வண்டிகளில் வந்திருந்தனர். மழை சற்று ஓய்ந்து வெயில் எறித்த நேரம். அலைகள் வரிசை வரிசையாக உடைந்துகொண்டிருந்தன. அவற்றின் நடுவே ஒரே ஓர் இடத்தில் மாத்திரம் அலை உடையாமல், நீர் அமைதியாகவும் சற்றுக் கருமையாகவும் தோன்றியது. பதினைந்து வயது மதிக்கத்தக்க ஒரு மாணவன் அவ்விடத்தைப் பாதுகாப்பானது என்று கருதி இறங்கினான். சிறிது நேரத்துள் அவன் கரையிலிருந்து வெகுதூரம் போய்விட்டான். அவன் நீந்தியது கரையை நோக்கி. போய்க்கொண்டிருந்ததோ கடலை நோக்கி.

வலை பொத்திக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் பெரிய மிதப்பு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அதே நீரில் பாய்ந்தார். நீரோட்டமே அவரைப் பையனிடம் கொண்டு சேர்த்தது. பையனை மிதப்பிலே பிடிக்கச் செய்து, கரையை நோக்கி வராமல், கரைக்குச் சமாந்தரமாக வடக்கே தள்ளிக்கொண்டு போனார். பிறகு அலை உடையும் இடத்துக்குள் புகுந்து, அலைகளோடு அலையாகக் கரை சேர்ந்தார். அவர்கள் ஏறிய இடம் இறங்கிய இடத்திலிருந்து ஏறத்தாழ இருநூறு மீற்றர் தொலைவில் இருந்தது.

உடன் வந்த ஆசிரியர் நடுங்கிப்போய் மணலிலே அமர்ந்துவிட்டார். தேறியபின், ஆற்றாமையினால், "இங்கே குளிக்கக் கூடாது என்று ஒரு பலகையாவது நட்டிருக்கக் கூடாதா?" என்றார். வலையருகில் இருந்த முதியவர் ஒருவர் எழுந்து வந்து, கோபமின்றிச் சொன்னார்:

"எங்கட வள்ளமெல்லாம் கரையில ஏத்திக் கிடக்குதே, சேர். அதுதான் எங்களுக்குப் பலகை. நாங்களே இறங்காத கடலில பிள்ளையளை ஏன் இறக்கிறியள்?"

அதற்குமேல் அங்கு எவரும் பேசவில்லை. கடற்கரையைத் தெரிவு செய்வோர்க்கு இதனினும் சிறந்த விதி ஒன்றை நான் இதுவரை கேட்டதில்லை. எழுத்தறியாதவரும் படிக்கக்கூடிய அறிவிப்பு அது. கடலை நம்பிப் பிழைப்பவர் கடலுக்குப் போகாமல் இருக்கிறார் என்றால், அவர் அன்றைய வருமானத்தை இழக்கிறார் என்பது பொருள். அவ்வளவு விலை கொடுத்து அவர் எழுதும் எச்சரிக்கையை நாம் இலவசமாகப் படிக்கலாம்.

அப்பையனை இழுத்த நீரோட்டம் எத்தகையது என்பதை விஞ்ஞான ஆசிரியர்கள் வகுப்பிலே விளக்குதல் நன்று. அலைகள் ஓயாது நீரைக் கரைமேல் தள்ளுகின்றன. அந்நீர் திரும்பிப் போக வழி வேண்டும். கரைக்கு அப்பால் நீரினுள்ளே மணற்றிட்டுகள் வரம்புபோல் அமைந்திருக்கும். அவ்வரம்பு எங்கே உடைந்திருக்கிறதோ அங்கே ஒரு வாய்க்கால் உண்டாகி, திரும்பும் நீரெல்லாம் அதனூடாகப் பாய்கின்றது. வாய்க்கால் ஆழமானதாதலால் அங்கே அலை உடைவதில்லை. நீர் கருமையாகத் தோன்றும். அறியாதவர் கண்ணுக்கு அதுவே அமைதியான இடம். அகப்பட்டவர் அதனை எதிர்த்து நீந்தினால் களைத்து மூழ்குவார். மல்லாந்து மிதந்து மூச்சைக் காத்து, கையை உயர்த்தி உதவி கோரி, இயலுமாயின் பக்கவாட்டிலே நீந்தவேண்டும். வாய்க்கால் அகலமானதன்று, அதன் எல்லையைக் கடந்தால் அலையே கரைக்குக் கொண்டுவரும்.

உப்புவெளியும் நிலாவெளியும்

இரண்டாவது வினா எத்தனை பேர், எப்படிப்பட்டவர் என்பது. சிறுவரும் முதியோரும் கலந்த குடும்பமாயின், கடல் தணிந்த மாதங்களிலே உப்புவெளியை நான் முதலிற் சொல்வேன். நகரிலிருந்து வடக்கே நாலைந்து கிலோமீற்றர். முச்சக்கர வண்டியிலும் போகலாம். குடாவின் வளைவுக்குள் அமைந்த கரை. கோடையிலே நீர் தெளிந்து, அலை அடங்கி இருக்கும். விடுதிகள் நெருங்கி வளர்ந்துவிட்டமையால் உணவுக்கும் நிழலுக்கும் குறைவில்லை, கூட்டத்துக்கும் குறைவில்லை. சற்று வடக்கே கடலோரத்திலே சல்லி முத்துமாரியம்மன் கோயில் இருக்கிறது. தனிமையை விரும்புவோர் அவ்வழியே நடந்து செல்லலாம்.

உப்புவெளிக்கு வருவோர் நிலாவெளி வீதியோரத்திலுள்ள போர்வீரர் மயானத்தைக் காணாமற் போகலாகாது. இரண்டாம் உலக மகாயுத்தத்திலே மாண்டவர்கள் அங்கே வரிசையாகத் துயில்கின்றனர். 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் திருமலைத் துறைமுகத்தைத் தாக்கின. அதே நாளிலே மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்னும் விமானந் தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. கல்லறைகளிலே பொறித்துள்ள வயதுகளை மாணவர் படித்தால், பதினெட்டும் இருபதுமாக அவை தம் வயதுக்கு எவ்வளவு அண்மையில் இருக்கின்றன என்பதை உணர்வர்.

நகரிலிருந்து பதினைந்து கிலோமீற்றர் அளவில் நிலாவெளி. பெயருக்கு ஏற்ப நிலாவின் ஒளிபோல வெளிறிய மணல். கண்ணுக்கெட்டிய தூரம் நீண்ட கரை. போர்க்காலத்திலே இவை போன்ற பல கரைகள் எமக்கு அருகிலிருந்தும் எட்டாதனவாகவே இருந்தன. 2009 இல் போர் முடிந்தபின் உள்ளூரவரும் வெளியூரவரும் பெருந்தொகையாக வரத் தொடங்கினர். உப்புவெளியைவிட இது திறந்த கரை. கச்சான் வீசும் காலத்தில் இதற்கென ஓர் அபாயம் உண்டு. காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோர நீர் ஆடாமல் அசையாமல் இருக்கும். அதைக் கண்டு மகிழ்ந்து, காற்றடைத்த டயர் ரியூப்பிலே பிள்ளையை ஏற்றி மிதக்க விடுவர். காற்று அதனை மெல்ல மெல்ல வெளியே கொண்டுபோய்விடும். கரையிலிருப்பவர் காணும்போது அது எட்டாத தூரத்திலிருக்கும். அமைதியான நீரிலும் காற்றைக் கவனித்தல் வேண்டும்.

நிலாவெளிக்கு எதிரே ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவிலே புறாமலை என்று ஊரார் வழங்கும் புறாத்தீவு இருக்கிறது. மலைப்புறாக்கள் கூடுகட்டி வாழ்வதால் வந்த பெயர். ஆங்கிலேயர் காலத்திலே பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காயிருந்த இத்தீவு 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. வனஜீவராசிகள் திணைக்களத்தில் அனுமதிச்சீட்டுப் பெற்று இயந்திரப் படகிலே செல்லவேண்டும். கண்ணாடி அணிந்து நீருள் முகத்தை அமிழ்த்தினால் போதும். பவளப் பாறைகளும் அவற்றிடையே திரியும் வண்ண மீன்களும் தென்படும். சிறிய கருந்துடுப்புச் சுறாக்களையும் காணலாம். மனிதரைக் கண்டு விலகிப் போகும் இயல்பின அவை.

1998 இல் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறியபோது இலங்கையின் தென்மேற்குக் கரைப் பவளங்கள் பெரும்பாலும் வெளிறி மடிந்தன. திருமலைப் பவளங்கள் பெருமளவு தப்பின. கடலின் வெம்மைக்குத் தப்பியவை இப்போது மனிதர் காலடியில் நொறுங்குகின்றன. விடுமுறை நாட்களிலே சிறிய தீவொன்றில் நூற்றுக்கணக்கானோர் இறங்கினால், நீந்தத் தெரியாதவர் நிற்க இடந்தேடிப் பவளத்தின்மேலேயே நிற்பர். பவளம் கல்லன்று, நுண்ணுயிர்கள் கூடி மிக மெதுவாகக் கட்டிய வீடு. ஒரு நிமிஷத்திலே மிதித்து உடைப்பது ஆண்டுக்கணக்கிலே வளர்ந்தது. ஆதலால் நீந்தப் பழகாத மாணவரைப் புறாமலைக்குக் கொண்டுபோவது அவருக்கும் நன்றன்று, பவளத்துக்கும் நன்றன்று. அவர்களுக்கு நிலாவெளிக் கரையிலிருந்து அத்தீவைப் பார்ப்பதே அழகு.

கரை யாருடையது?

மூன்றாவது வினா என்ன காண வருகிறீர்கள் என்பது. இதற்குப் பெரும்பாலோர் "கடலைக் காண" என்பர். கடலைக் காண்பதென்றால் கடலிலே வாழ்வோரையும் காண்பதன்றோ?

கோடையிலே நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளிப் பக்கங்களிலே கரைவலை இழுப்பதைக் காணலாம். வலையின் ஒரு கயிற்றைக் கரையிலே விட்டுவிட்டு, வள்ளம் கடலினுள்ளே அரைவட்டமாகச் சென்று வலையைப் போட்டுக்கொண்டு, மறுகயிற்றோடு வேறோர் இடத்திலே கரை சேரும். பின்பு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, ஒரே தாளத்திலே பின்னோக்கி நடந்து இழுப்பர். மணிக்கணக்காக இழுத்தபின் நடுவிலுள்ள மடி கரைக்கு வரும். சிலநாள் அது சூடையும் நெத்தலியுமாக நிறைந்திருக்கும். சிலநாள் பாசியும் சொறிமீனும் மாத்திரமே இருக்கும். இழுத்தவர் கைகளிலே பட்ட தழும்பு இரண்டு நாளும் ஒன்றுதான்.

இத்தொழிலுக்குக் கற்பாறையற்ற, தடையற்ற, நீண்ட கரை வேண்டும். அதனைப் 'பாடு' என்பர். ஒவ்வொரு பாட்டுக்கும் உரிமையும் முறையும் உண்டு. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் இக்கரைகளிலே தொழில் செய்கின்றனர். மேலைக் கரையிலே தென்மேற்குப் பருவக்காற்றுக் கடுமையாக வீசும் மாதங்களில், நீர்கொழும்பு முதலிய ஊர்களிலிருந்து மீனவர் குடும்பங்களாக இங்கு வந்து வாடி அமைத்துத் தங்குவது தலைமுறைகளாக நடந்துவரும் வழக்கம். கடலின் நாட்காட்டியை இவர்கள் எவ்வளவு துல்லியமாக அறிந்திருக்கிறார்கள் என்பதற்கு அந்த வாடிகளே சான்று.

உல்லாசப் பிரயாணிகள் விரும்புவதும் இதே நீண்ட, கல்லற்ற, மணற்பாங்கான கரையைத்தான். விடுதிக்கு முன்னே வள்ளமும் வலையும் மீன் வாடையும் இருப்பதை விருந்தினர் விரும்பார் என்று கருதுவோர் உண்டு. வேலி எழுகின்றது, சாய்வு நாற்காலிகள் வரிசையாகின்றன, வலை இழுக்கும் இடம் குறுகுகின்றது. விடுதிகளாலும் ஊரவர் பலர் பிழைக்கிறார்கள். படகோட்டிகளுக்கும் சமையற்காரருக்கும் வியாபாரிகளுக்கும் அவை வாழ்வு தருகின்றன. அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு பாடு போனால் அதனோடு இருபது முப்பது குடும்பங்களின் அடுப்பு அணையும் என்பதையும் கணக்கிலே சேர்க்கவேண்டும். எந்தக் கரையிலே இறங்குவது என்று தெரிவு செய்யும் பிரயாணி, தன்னையறியாமலே இவ்வழக்கிலே ஒரு பக்கம் சாட்சி சொல்கிறான். வலை இழுக்கும் கரையிலே போய் நின்று, மரியாதையோடு கேட்டு, ஒரு கயிற்றுக்குக் கைகொடுத்து, அங்கேயே மீனும் வாங்கி உண்ணும் கூட்டம் பெருகினால், வள்ளங்கள் இருக்கும் கரையே விருந்தினர் விரும்பும் கரை என்று விடுதிக்காரரும் அறிந்துகொள்வர்.

ஒதுக்குப்புறக் கரைகள்

சீனன்குடாப் பக்கத்திலே விமானப்படையினரின் பொறுப்பிலுள்ள மார்பிள் கடற்கரை இப்போது பெயர் பெற்று விளங்குகின்றது. கட்டணம் செலுத்தி உட்செல்லவேண்டும். நிலம் சூழ்ந்த குடாவாதலால் அலை அடங்கிய நீர். சிறு பிள்ளைகளோடு வருவோர்க்கு இசைந்த இடம். ஆனால் ஊரின் வாழ்வை அங்கே காண இயலாது.

வடக்கே போகப் போகக் கரை தனிமையாகின்றது. இறக்கக்கண்டிப் பாலத்திலே நின்றால் ஒருபுறம் களப்பு, மறுபுறம் கடல். குச்சவெளிக்கு அப்பால் புல்மோட்டையிலே மணலே கருமையாக மாறும். இல்மனைற்று முதலான கனியங்கள் செறிந்த மணல் அது. புவியியல் கற்பிப்போர் ஒரு கையிலே நிலாவெளி வெண்மணலையும் மறு கையிலே புல்மோட்டைக் கருமணலையும் வைத்துக் காட்டினால், ஒரு மாதப் பாடம் ஒரு நிமிஷத்திலே விளங்கிவிடும். இத்தனிமைக் கரைகளிலே நீந்தல் தகாது. ஏதேனும் நேர்ந்தால் கூப்பிட ஆளில்லை, வைத்தியசாலையும் தொலைவு.

வாடைக் காலத்திலே வந்துதான் தீரவேண்டும் என்போர்க்கும் திருமலை வழி வைத்திருக்கிறது. நீரிலே இறங்காமற் காணத்தக்க கடலும் உண்டு. சுவாமிமலை உச்சியிலே, இராவணன் வெட்டு என்று வழங்கும் பிளவின் அருகே நின்று, அலைகள் மலையடியிலே மோதிச் சிதறுவதைக் காண்பதற்கு டிசம்பரே ஏற்ற மாதம். கன்னியாவிலே ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன; குளிர்ந்த மழைநாளிலே அவற்றின் வெம்மை இனிது. கோடையிலே வருவோர் அதே சுவாமிமலையிலிருந்து, அதிர்ஷ்டம் இருந்தால், தொலைவிலே நீலத் திமிங்கிலம் ஊதும் நீர்த்தாரையையும் காணலாம். கொட்டியாரக் குடாவிலிருந்து ஆழ்ந்து செல்லும் கடற்பள்ளத்தாக்கினால் இங்கே ஆழ்கடல் கரைக்கு மிக அண்மையில் வந்துவிடுகின்றது. அதுவே அப்பெரும் பிராணிகளைக் கரையிலிருந்து காணும் பேற்றை நமக்குத் தருகின்றது.

ஒருநாள் திட்டம்

ஆகஸ்ட் விடுமுறையிலே நாற்பது மாணவரோடு வரும் ஆசிரியர்க்கு நான் கூறும் ஒழுங்கு இது. விடியற்காலையிலே சுவாமிமலை, வெயில் ஏறுமுன் கோட்டையும் கோயிலும். ஒன்பது மணியளவிலே நிலாவெளியிற் கரைவலை இழுப்பதைக் காணல். நண்பகலில் நிழலிலே உணவு. அவ்வேளையில் மணல் காலைச் சுடும், நீரிலும் வெயில் கண்ணைப் பறிக்கும். மூன்று மணிக்குமேல் உப்புவெளியிலே, மார்பளவுக்கு மேற்படாத நீரில், பத்துப் பேர்க்கு ஒரு பெரியவர் காவலாக, ஒரு மணி நேரம் குளித்தல். திரும்பும் வழியிலே போர்வீரர் மயானம். அந்தியிலே டச்சுக்குடா.

இறங்குமுன்னும் ஏறியபின்னும் பிள்ளைகளை எண்ணவேண்டும். காவல் நிற்கும் பெரியவர் கரையிலே அமராமல், நீரிலே, பிள்ளைகளுக்கும் ஆழத்துக்கும் இடையே நிற்கவேண்டும். கடல்நீர் வழக்கத்துக்கு மாறாக ஏறினாலும் இறங்கினாலும், காரணம் ஆராயாமல் உயர்ந்த இடத்துக்கு ஓடவேண்டும் என்பதைப் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சொல்லிவைக்க வேண்டும். இவ்வளவையும் செய்தபின்பும், நீரில் கால் வைக்குமுன் கரையில் உள்ள மீனவர் ஒருவரிடம் சென்று, "ஐயா, இன்றைக்குக் கடல் எப்படி?" என்று கேட்கவேண்டும். மாணவர்களின் முன்னிலையிலே கேட்பது இன்னும் சிறப்பு. புத்தகத்திலே இல்லாத கல்வியை உடையவரிடம் தம் ஆசிரியர் தலை தாழ்த்திக் கேட்பதை அப்பிள்ளைகள் காணட்டும். அவர் வேண்டாம் என்றால் மணலிலே விளையாடிவிட்டுத் திரும்புங்கள். கோணேசர் மலையும் கடலும் அடுத்த விடுமுறைக்கும் இங்கேதான் இருக்கும்; பிள்ளைகளும் இருக்கவேண்டும்.